ஆர்க்டிக் கடல் எந்த நாளில் உறையும்? நீருக்குள் அளக்கும் வெப்பத்தைக் கொண்டு முன்கூட்டியே சொல்ல முடியுமா?

வடகடல் (இழையைத் தொடங்கியவர்)

ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் மாதத்தில் ஆர்க்டிக் கடற்பனி எவ்வளவு சுருங்கியது என்ற கணக்கை எல்லாரும் எழுதுகிறார்கள். 2012-இல் ஏறத்தாழ 34 லட்சம் சதுர கிலோமீட்டர், 2020-இல் ஏறத்தாழ 37 லட்சம் என்ற எண்கள் இங்குள்ள பலருக்கும் மனப்பாடம். அதே கடல் மீண்டும் எந்த நாளில் உறையத் தொடங்கும் என்ற கேள்விக்கு இந்த அளவு கவனம் கிடைப்பதில்லை. அந்தக் கரைகளில் வாழ்பவர்களுக்கோ இதுதான் பெரிய கேள்வி. அலாஸ்காவின் ஷிஷ்மரெஃப், கிவலினா போன்ற ஊர்கள் கடலோரத் தடுப்புத் தீவுகளின் மேல் அமைந்தவை. முன்பெல்லாம் இலையுதிர்காலப் புயல்களின் காலத்திலேயே கரையோரம் பனி கட்டி அலையின் வேகத்தைத் தணித்துவிடும். இப்போது கடல் வெகுநாள் திறந்தே கிடப்பதால் புயலலை நேரே நிலத்தை அரிக்கிறது. ஷிஷ்மரெஃப் மக்கள் 2016-இல் ஊரையே வேறிடத்துக்கு மாற்ற வேண்டும் என்று வாக்களித்தார்கள்.

இந்த இழையில் நான் முன்வைக்கும் கருத்து இதுதான். உறையும் நாளைத் தீர்மானிப்பதில் பெரும்பங்கு கோடையில் நீருக்குள் சேர்ந்த வெப்பத்துக்கு உண்டு. அந்த வெப்பத்தை நாம் பல ஆண்டுகளாக அளந்தும் வருகிறோம். ஆனால் அளவீடு கைக்கு வந்து சேரும்போது அந்த ஆண்டின் உறைவு முடிந்து, அடுத்த ஆண்டின் உருகலும் தொடங்கியிருக்கும்.

அலாஸ்காவுக்கும் சைபீரியாவுக்கும் வடக்கே, பெரிங் நீரிணையை அடுத்துள்ள சுக்சி கடலை எடுத்துக்கொள்வோம். பசிபிக் பெருங்கடலின் நீர் ஆர்க்டிக்குக்குள் நுழைவதற்கு இருக்கும் ஒரே வாசல் பெரிங் நீரிணை. அதன் அகலம் ஏறத்தாழ 85 கிலோமீட்டர், ஆழம் ஏறத்தாழ 50 மீட்டர். 1990 முதல் அங்கே கடலடியில் நங்கூரமிட்ட கருவிகள் நீரோட்டத்தையும் வெப்பநிலையையும் உப்புத்தன்மையையும் பதிவு செய்து வருகின்றன. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ரெபெக்கா வுட்கேட் குழுவினர் அந்தப் பதிவுகளைக் கொண்டு காட்டியபடி, 2001-இல் நொடிக்கு 7 லட்சம் கன மீட்டராக இருந்த ஆண்டுச் சராசரி வரத்து 2011-இல் 11 லட்சமாக உயர்ந்தது. மார்க் செரீஸ் உள்ளிட்டோர் 2016-இல் வெளியிட்ட ஆய்வு இதே தொடரை உறையும் நாளோடு ஒப்பிட்டது. உறைவு ஆண்டுதோறும் தாமதமாகிவரும் நீண்டகாலப் போக்கைக் கணக்கிலிருந்து நீக்கிய பிறகும், சுக்சி கடலில் பனி வந்து சேரும் நாள் ஆண்டுக்கு ஆண்டு முன்பின்னாவதில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கை, ஜூலை முதல் செப்டம்பர் வரை நீரிணை வழியே வந்த வெப்பத்தையும் அந்த ஆண்டில் பனி விலகிய நாளையும் சேர்த்துக்கொண்டு விளக்க முடிந்தது. இத்தனை வலுவான தொடர்பு இருந்தும், அதை நடப்பாண்டின் கணிப்பாக மாற்ற முடியாமல் நிற்கிறோம். இதைப் பற்றி நண்பர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

மீகாமன்

நல்ல கேள்வி ஐயா. எனக்கு அடிப்படையிலேயே ஓர் ஐயம் உண்டு. காற்றின் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே பத்து, பதினைந்து டிகிரி போன பிறகு நீர் உறைந்துதானே ஆக வேண்டும்? ஏரிகள் அப்படித்தான் உறைகின்றன. கடலுக்குள் எவ்வளவு வெப்பம் இருந்தாலும் மேற்பரப்பு காற்றைத்தானே தொட்டுக்கொண்டிருக்கிறது? கடலுக்கு மட்டும் ஏன் இத்தனை நாள் தாமதம் என்பதை யாராவது விளக்கினால் என்னைப் போன்றவர்கள் விவாதத்தைப் பின்தொடர முடியும்.

உவர்நீர்

மீகாமன் அவர்களுக்கு: ஏரியும் கடலும் இதில் வேறுபட்டே நடந்துகொள்கின்றன. நன்னீர் 4 டிகிரி செல்சியஸில் மிகுந்த அடர்த்தி கொள்கிறது. அதற்கும் கீழே குளிரும் நீர் இலேசாகி மேலேயே தங்குவதால், ஏரியின் மேற்பரப்பில் ஒரு மெல்லிய அடுக்கு மட்டும் குளிர்ந்தால் போதும், பனி கட்டிவிடும். உப்புத்தன்மை ஆயிரத்துக்கு ஏறத்தாழ 24.7 பங்கைத் தாண்டிய நீருக்கு இந்தப் பண்பு இல்லை. குளிரக் குளிர அது கனத்துக்கொண்டே போய்க் கீழே அமிழ்கிறது, அதன் இடத்துக்குக் கீழிருந்து வெதுவெதுப்பான நீர் ஏறுகிறது. ஆகவே மேலிருந்து கீழ்வரை கலந்து புரளும் அந்த அடுக்கு முழுவதும் உறைநிலைக்கு, அதாவது ஏறத்தாழ மைனஸ் 1.8 டிகிரிக்கு, இறங்கினால்தான் முதல் பனித்துகள் மிதக்கத் தொடங்கும். ஆர்க்டிக்கில் இந்தப் புரளல் கடலின் அடிமட்டம் வரை போவதில்லை. சில பத்து மீட்டர் ஆழத்தில் உப்புத்தன்மை சட்டென்று கூடும் ஓர் இடையடுக்கு இருப்பதால், மேல்நீர் எவ்வளவு குளிர்ந்தாலும் அதைத் துளைத்துக் கீழே இறங்குவது எளிதன்று.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். ஒரு சதுர மீட்டர் பரப்பின் கீழே 20 மீட்டர் ஆழத்துக்குக் கலப்படுக்கு இருக்கிறது, அதன் வெப்பநிலை உறைநிலையைவிட 4 டிகிரி கூடுதல் என்று கொள்வோம். ஏறத்தாழ 20 டன் நீர், கிலோவுக்கு டிகிரிக்கு ஏறத்தாழ 4,000 ஜூல், 4 டிகிரி ஆகியவற்றைப் பெருக்கினால் 33 கோடி ஜூலுக்குச் சற்றுக் குறைவாக வரும். அது ஒரு மீட்டர் தடிப்புள்ள பனியை முழுவதும் உருக்கப் போதுமான வெப்பம். கடல் ஒரு சதுர மீட்டருக்கு 100 வாட் வீதம் வெப்பத்தைக் காற்றுக்கு இழந்தால், நாளொன்றுக்கு 86 லட்சம் ஜூல் போகும். அந்த வெப்பம் தீர 38 நாள் ஆகும். அடுக்கின் ஆழம் 20 மீட்டராக இல்லாமல் 30 மீட்டராக இருந்தால், மேற்பரப்பு வெப்பநிலை அதேதான் என்றாலும், 57 நாள் ஆகிவிடும். பத்து மீட்டர் ஆழத்தைத் தவறாகக் கொண்டால் கணிப்பு 19 நாள் பிசகும் என்பதை எண்ணிப் பாருங்கள். மேலே நின்று பார்ப்பவருக்கு அந்தப் பத்து மீட்டர் தெரியவே தெரியாது.

இது புதிய சிந்தனை அன்று. கடலில் குளிர்காலப் புரளல் எந்த ஆழம் வரை போகும், எவ்வளவு வெப்பம் வெளியேறிய பிறகு உறைவு தொடங்கும் என்பதையெல்லாம் சோவியத் கடலியலாளர் நிக்கோலாய் சூபோவ் சென்ற நூற்றாண்டின் முற்பாதியிலேயே கணக்கிட்டார். கப்பலிலிருந்து கயிற்றில் இறக்கிய வெப்பமானியும் நீர்ச்சேகரிப்புக் குப்பியும்தான் அவர் காலத்துக் கருவிகள். அந்த மரபைப் பற்றித் தமிழில் யாரும் விரிவாக எழுதவில்லை என்பது என் நெடுநாள் வருத்தம்.

கோள்நோக்கி

கணக்கு அருமை. ஆனாலும் செயற்கைக்கோள்களை இப்படி ஓரங்கட்டிவிட முடியாது என்று கருதுகிறேன். 1978-இன் இறுதியிலிருந்து நுண்ணலைக் கருவிகள் இருளிலும் மேகத்திலும் கடற்பனியைப் பார்த்து வருகின்றன. உறையும் நாள் என்று நாம் சொல்லும் நாளே அந்தப் பதிவிலிருந்து வந்ததுதான். பனிச்செறிவு, அதாவது கடற்பரப்பில் பனி மூடிய பங்கு, 15 விழுக்காட்டைத் தாண்டிச் சில நாள் தொடர்ந்து நின்றால் உறைவு தொடங்கியது என்று வரையறுக்கிறார்கள். 15 விழுக்காடு என்பது கப்பலுக்கு ஓர் எச்சரிக்கை, அவ்வளவே. பனியின் மேல் நடந்து வேட்டைக்குப் போகும் இன்யூப்பியாட் மக்களுக்கு அந்த நாளால் பயன் இல்லை. அவர்களுக்குக் கரையோடு ஒட்டி உறுதியாய் நிற்கும் பனி வேண்டும், அது எவ்வளவோ பின்னால் வருவது. எந்த நாளைக் கணிக்கிறோம் என்பதை முதலில் சொல்லாவிட்டால் இந்த விவாதம் ஆளுக்கொரு திசையில் போய்விடும்.

கடல்மட்ட வெப்பநிலையையும் செயற்கைக்கோள் தருகிறது. பனி எந்த நாளில் விலகியது என்பதும் தெரியும். ஜூலியேன் ஸ்ட்ரோவ் உள்ளிட்டோர் 2016-இல் காட்டியது இதைத்தான்: பனி முன்கூட்டியே விலகிய இடத்தில் கருநிறக் கடல் வெயிலை நெடுநாள் விழுங்குகிறது, ஆகவே உறைவும் தள்ளிப்போகிறது. கடலுக்குள் ஒரு கருவியையும் இறக்காமல், விலகிய நாளை மட்டும் வைத்துக்கொண்டே ஓரளவு கணிக்க முடியும்போது, செலவு மிகுந்த நங்கூரத் தொகுதிகள் எதற்கு?

வடகடல்

வரையறையைப் பற்றி நீங்கள் சொன்னது மிகச் சரி. இந்த இழையில் 15 விழுக்காட்டு நாளையே நாம் பேசுவோம் என்று வைத்துக்கொள்ளலாம்.

விலகிய நாள் நல்ல குறிகாட்டிதான். போக்கை நீக்கிவிட்டால் அதன் வலிமை கடலுக்குக் கடல் மாறுகிறது. கடல்மட்ட வெப்பநிலையிலும் ஒரு சிக்கல் உண்டு. அகச்சிவப்புக் கருவி பார்ப்பது நீரின் தோலை மட்டுமே, அதையும் ஆர்க்டிக் இலையுதிர்காலத்தின் ஓயாத மேகங்கள் மறைக்கின்றன. நுண்ணலை மேகத்தை ஊடுருவினாலும் கரைக்கும் பனி விளிம்புக்கும் அருகே அதன் பார்வை மங்கிவிடுகிறது.

இதற்கு 2015 அக்டோபரில் அலாஸ்காவுக்கு வடக்கேயுள்ள பியூஃபோர்ட் கடலில் நடந்ததைவிடத் தெளிவான சான்று கிடையாது. சிகுலியாக் என்ற ஆய்வுக் கப்பல் உறையும் கடலின் விளிம்பில் நின்று அலை, பனி, நீர் மூன்றையும் ஒருசேர அளந்துகொண்டிருந்தது. தோசை தோசையாக வட்டப் பனித்தட்டுகள் உருவாகி மேற்பரப்பை மூடியிருந்தன. செயற்கைக்கோளைக் கேட்டால் உறைவு தொடங்கிவிட்டது என்றே சொல்லியிருக்கும். அப்போது பலத்த காற்று வீசிப் பேரலை எழுந்தது. கோடையில் சேர்ந்த வெப்பம் மேலடுக்கின் அடியில் ஒளிந்திருந்தது, அலையும் காற்றும் அதைக் கலக்கி மேலே கொண்டுவந்தன. கட்டியிருந்த வட்டத்தட்டுகள் காற்று உறைநிலைக்குக் கீழே இருக்கும்போதே அடியிலிருந்து உருகின. பனி விளிம்பு முன்னேறாமல் சில நாள் பின்வாங்கியது. மேலே பனி கட்டியிருந்த இடத்தில் இருபது, முப்பது மீட்டர் கீழே எவ்வளவு வெப்பம் மிஞ்சியிருந்தது என்பதை அங்கே இறக்கிய கருவி மட்டுமே அறியும்.

இப்படி ஒளிந்திருக்கும் வெப்பம் குறைந்த அளவும் இல்லை. மேரி-லூயிஸ் டிம்மர்மன்ஸ் உள்ளிட்டோர் 2018-இல் எழுதியபடி, ஆர்க்டிக்கின் கனடாப் படுகை என்ற ஆழ்கடல் பகுதியின் இடையடுக்கில் சேர்ந்துள்ள கோடை வெப்பம் முப்பது ஆண்டுகளில் ஏறத்தாழ இருமடங்காகியிருக்கிறது. சுக்சி கடலின் பனியற்ற பரப்பில் வெயில் காய்ந்த நீர் வடக்கே போய் அமிழ்ந்து அங்கே தங்குகிறது.

காற்றுத்திசை

நீருக்கு இவ்வளவு பங்கு கொடுப்பது எனக்கு உறுத்துகிறது. இரண்டே ஆண்டுகளை ஒப்பிடுங்கள். 2020 அக்டோபர் இறுதியாகியும் சைபீரியாவுக்கு வடக்கேயுள்ள லாப்டெவ் கடலில் உறைவு தொடங்கவில்லை. செயற்கைக்கோள் பதிவுகள் தொடங்கியதிலிருந்து அதுவரை அவ்வளவு தாமதமாக அங்கே எந்த ஆண்டும் உறைந்ததில்லை. அடுத்த ஆண்டே, 2021 நவம்பர் தொடக்கத்தில், ரஷ்யாவின் வடக்குக் கடல்வழியில் பனி எதிர்பார்த்ததைவிட முன்னதாகக் கட்டி ஏறத்தாழ இருபது கப்பல்களைச் சிறைபிடித்தது. அணுசக்தியால் இயங்கும் பனியுடைப்புக் கப்பல்கள் போய் வழியமைக்க வேண்டியிருந்தது. முந்தைய ஆண்டுகளின் தாமதத்தைப் பார்த்துப் பழகிய கப்பல் நிறுவனங்கள் அந்த நவம்பரையும் அப்படியே எண்ணிவிட்டன. ஓராண்டு இடைவெளியில் இவ்வளவு மாற்றத்தைக் காற்றழுத்த அமைப்பும் காற்றின் திசையுமே கொண்டுவர முடியும். சைபீரியாவில் 2020 ஜூன் 20 அன்று வெர்கோயான்ஸ்க் நகரில் பதிவான 38 டிகிரியை மறந்துவிட வேண்டாம். அந்தக் கோடையைச் செய்தது வளிமண்டலம். பனியை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தள்ளுவதும் வளிமண்டலம். கடல் அதன் விளைவைச் சேமித்து வைக்கும் கிடங்கு மட்டுமே.

உவர்நீர்

கிடங்கு என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். கணிப்பவனுக்கு வேண்டியது அந்தக் கிடங்குதான். ஜூன் மாதக் காற்று ஜூனோடு போய்விடுகிறது. அது நீரில் விட்டுச்சென்ற வெப்பம் அக்டோபர் வரை நிற்கிறது. 2021-ஐயும் அப்படியே பார்க்கலாம். அந்தக் கோடையில் சுக்சி கடலின் மேற்கு விளிம்பிலுள்ள ராங்கல் தீவை ஒட்டிய பகுதியில் பனி முழுவதும் விலகாமல் நின்றது. பனி மிதக்கும் நீர் வெயிலை வாங்கினாலும் அந்த வெப்பத்தை உருகலுக்குச் செலவிட்டு உறைநிலைக்கு அருகிலேயே இருக்கும். கிடங்கு காலியாகவே இருந்ததால் குளிர் வந்ததும் கடல் உடனே உறைந்தது. ஆகஸ்ட் இறுதியில் அங்கே சில மிதவைகள் இருந்திருந்தால் முதல் எச்சரிக்கை அப்போதே கிடைத்திருக்கும். கடைசிப் பத்து நாளின் காற்றை எவராலும் இரு மாதம் முன்பு சொல்ல முடியாது என்பதை நானும் ஏற்கிறேன்.

சைபீரியக் கடல்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. லேனா, ஓப், யெனிசெய் ஆறுகள் கொண்டுவந்து கொட்டும் நன்னீர் கடலின் மேல் மெல்லிய படலமாகப் பரவுகிறது. முன்பு நான் சொன்ன 24.7 என்ற எல்லைக்குக் கீழே அதன் உப்புத்தன்மை போய்விட்டால் அந்தப் பரப்பு ஏரியைப் போல் நடந்துகொள்ளும். அடியில் வெப்பம் இருந்தாலும் மேல்படலம் தனியே குளிர்ந்து, மைனஸ் 1.8 வரை காத்திராமல், பூச்சியத்துக்குச் சற்றுக் கீழேயே உறைந்துவிடும். எனவே லாப்டெவ் கடலில் வெப்பமானி மட்டும் இறக்கினால் போதாது, உப்பையும் அளக்க வேண்டும். விண்ணிலிருந்து உப்பை அளக்கும் ஸ்மோஸ், ஸ்மாப் கோள்கள் வெப்பமண்டலக் கடல்களில் நன்றாக வேலை செய்கின்றன. குளிர்ந்த நீரில் அவற்றின் உணர்திறன் குறைந்துவிடுகிறது.

எண்கணியர்

கணினி மாதிரிகளின் பக்கத்திலிருந்து ஒரு செய்தி. கனடாவின் பருவகால முன்கணிப்பு அமைப்பைக் கொண்டு மைக்கேல் சிக்மண்ட் உள்ளிட்டோர் 2016-இல் செய்த ஆய்வில், போக்கை நீக்கிய பிறகு, பனி விலகும் நாளைச் சராசரியாக 3 மாதம் முன்பும் பனி சேரும் நாளை 5 மாதம் முன்பும் பயனுள்ள அளவில் கணிக்க முடிந்தது. உறைவைக் கணிப்பது உருகலைக் கணிப்பதைவிட எளிது என்பது முதலில் வியப்பாக இருக்கும். உவர்நீர் சொன்ன கிடங்குதான் இதற்குக் காரணம். பனி விலகிய நிலை, கோடை முழுவதும் நீரின் வெப்பமாக உருமாறி, இலையுதிர்காலத்தில் மீண்டும் பனியாக வெளிப்படுகிறது. பிளாஞ்சார்ட்-ரிகில்ஸ்வொர்த் உள்ளிட்டோர் 2011-லேயே இந்த நினைவைச் சுட்டிக்காட்டினார்கள்.

போக்கை நீக்குவது பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். சுக்சி கடலில் பனி சேரும் நாள், 1979 முதல் 2014 வரையிலான பதிவில், ஆண்டுக்குச் சராசரி ஒரு நாளுக்கு மேல் பின்னே தள்ளிப்போயிருக்கிறது. “இந்த ஆண்டும் பழைய சராசரியைவிடத் தாமதம்” என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்பவருக்கும் நல்ல மதிப்பெண் கிடைத்துவிடும். ஆனால் 2021 போன்ற ஆண்டில் அதை நம்பிப் போன கப்பல் மாட்டிக்கொள்ளும். எந்தக் கணிப்பு முறையானாலும், போக்குக் கோட்டைவிட எவ்வளவு கூடுதலாகச் சொல்கிறது என்பதைக் கொண்டே அதை எடைபோட வேண்டும்.

மாதிரிகளுக்கும் தொடக்கநிலைத் தரவு வேண்டும் என்பதால் மீண்டும் அதே இடத்துக்குத்தான் வருகிறோம். உலகப் பெருங்கடல்களில் தாமே மூழ்கி எழுந்து நீரை அளக்கும் ஆர்கோ மிதவைகள் வழக்கமாகப் பத்து நாளுக்கு ஒருமுறை மேலே வந்து தரவை அனுப்புகின்றன. பனிக்குக் கீழே மாட்டிக்கொண்டால் அவற்றால் மேலே வந்து அனுப்ப முடியாது, ஆழம் குறைந்த சுக்சி, லாப்டெவ் திட்டுகளும் அவற்றுக்கு ஏற்றவையல்ல. பனித்தட்டில் துளையிட்டுத் தொங்கவிடும் வுட்ஸ் ஹோல் நிறுவனத்தின் கருவிகள் 2004 முதல் நல்ல தரவு தருகின்றன. ஆனால் அவை பனி இருக்கும் இடத்தில்தான் மிதக்கின்றன, நமக்கு வேண்டியது பனி விலகிய இடத்தின் வெப்பம்.

கடலோரத்தான்

சென்னை பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்துக்கும் இதில் பங்கு உண்டு என்பதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன். கோவாவின் துருவ ஆய்வு மையத்தோடு சேர்ந்து அவர்கள் உருவாக்கிய இண்டார்க் என்ற நங்கூரத் தொகுதி 2014 ஜூலையில் நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகளில் கோங்ஸ்ஃபியோர்டு என்ற குறுகிய கடற்கழியில் இறக்கப்பட்டது. 2006 குளிர்காலத்தில் வெதுவெதுப்பான அட்லாண்டிக் நீர் உள்ளே புகுந்ததிலிருந்து அந்த ஃபியோர்டில் பனி முன்போல் கட்டுவதில்லை. பேரன்ட்ஸ் கடல் பக்கத்தில் நார்வேக்காரர்கள் இதே அட்லாண்டிக் வெப்ப வரவை அளந்து, அடுத்த குளிர்காலப் பனிப்பரப்பை ஓராண்டு முன்பே ஓரளவு கணிக்க முடியும் என்று 2015-இல் காட்டியிருக்கிறார்கள். நீரோட்டம் அந்தத் தொலைவைக் கடக்க எடுத்துக்கொள்ளும் காலமே அங்கே முன்னறிவிப்பாக அமைகிறது.

மீகாமன்

உவர்நீர் அவர்களின் விளக்கத்துக்கு நன்றி. இப்போது படம் தெளிவாகிறது. அப்படியானால் பெரிங் நீரிணையில் ஒரு மிதவையைக் கட்டிவிட்டு அதிலிருந்து நேரடியாகத் தரவை வாங்கிவிடலாமே? 85 கிலோமீட்டர் வாசலில் அதைச் செய்வதற்கு என்ன தடை?

வடகடல்

தடை பனியேதான். குளிர்காலத்தில் நீரிணை வழியே பனிக்குவியல்கள் நகர்கின்றன. அவற்றின் அடிப்பகுதி நீருக்குள் பல மீட்டர் நீண்டிருக்கும். மேற்பரப்பில் கட்டிய மிதவையை அது நங்கூரத்தோடு இழுத்துப்போகும். ஆகவே நங்கூரத் தொகுதிகளின் முக்கியக் கருவிகளை மேற்பரப்பிலிருந்து வெகுவாகக் கீழே நிறுத்துகிறார்கள். அங்கிருந்து செயற்கைக்கோளுக்குப் பேச வழியில்லாததால், ஆண்டுக்கு ஒருமுறை கோடையில் கப்பல் போய்த் தொகுதியை மேலே எடுத்தால்தான் தரவு கிடைக்கும்.

மேலடுக்கை அளக்க வுட்கேட் குழுவினர் ஒரு நல்ல வழி கண்டார்கள். மேற்பரப்புக்கு அருகே ஒரு சிறிய வெப்ப, உப்பு உணரியை மிதக்கவிட்டு, அதைக் கீழுள்ள தொகுதியோடு வேண்டுமென்றே பலவீனமாக வைத்த ஓர் இணைப்பால் கட்டுகிறார்கள். உணரி அளப்பதெல்லாம் அவ்வப்போதே கம்பி வழியே கீழிருக்கும் பதிவுப்பெட்டிக்குப் போய்விடுகிறது. பனி வந்து உணரியைப் பற்றி இழுத்தால் பலவீனமான இணைப்பு அறுந்து உணரி மட்டும் போகும், அதுவரை அளந்த தரவு பெட்டியில் பத்திரமாக இருக்கும். ஆராய்ச்சிக்கு இது மிகச் சிறந்த ஏற்பாடு. ஆனால் செப்டம்பர் முதல் வாரத்தில் கணிப்பு எழுத உட்காருபவருக்கு அந்தப் பெட்டி கடலடியில்தான் இருக்கிறது.

எனவே நான் கேட்பது ஆண்டு முழுவதும் நிற்கும் மிதவையை அன்று. ஜூலையில் பனி விலகியதும் இறக்கி, அக்டோபரில் பனி வந்து அழித்தாலும் கவலைப்படாத, விலை குறைந்த மிதவைகள் போதும். நீளமான கம்பியில் பல ஆழங்களில் வெப்பமானி கோத்த அப்டெம்போ மிதவைகளை வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் ஏற்கெனவே பியூஃபோர்ட், சுக்சி பகுதிகளில் விட்டிருக்கிறார்கள். அவை அன்றன்றே தரவை அனுப்புகின்றன. உவர்நீரின் கணக்கில் 19 நாள் பிசகை உண்டாக்கிய அந்தப் பத்து மீட்டரை அவை காட்டிவிடும். ஆனால் அவை நீரோட்டத்தோடு மிதந்து போய்விடுவதால், ஆகஸ்டில் நமக்கு வேண்டிய இடத்தில் அவற்றில் எத்தனை இருக்கும் என்பது அந்தந்த ஆண்டின் காற்றைப் பொறுத்தது. நீரிணையின் மேற்குப் பாதி ரஷ்யக் கடல் எல்லைக்குள் வருகிறது. இருநாட்டுக் கூட்டுத் திட்டத்தின் கீழ் 2004 முதல் 2012 வரை அந்தப் பக்கத்திலும் நங்கூரங்கள் இருந்தன. அதன் பிறகு அமெரிக்கப் பக்கத்தில் மட்டுமே அளவீடு தொடர்கிறது.